மூன்றாவது சட்டகம்

வியாழன், நவ. 6

மூடுபனி. இன்றைய வேலைகள்: வாயை மூடுதல் (முயற்சி). வகுப்போடு கொம்யூன் ஊராட்சி மண்டபத்தில் கண்காட்சி அடுக்குதல் (கட்டாயம்).

எங்கள் சுவிஸ் ஊர் மணிக்கூட்டுத் தொழிலாளர் மூன்று பேர் அந்தக் காலத்தில் கடல் கடந்து போய், அடிமைகளோடு சேர்ந்து அவர்களின் விடுதலைக்காகத் துவக்குத் தூக்கிச் சண்டை பிடித்து, அங்கேயே செத்தார்களாம். சனிக்கிழமை நினைவு விழா. இரண்டு பேருக்குப் படம் உண்டு. மூன்றாமவருக்கு இல்லை. பெயருக்கு மேலே வெறும் சட்டகம்.

எங்கள் வீட்டில் எதிர்மாறு. படம் உண்டு, சட்டகம் இல்லை. இலங்கைப் போரில் துவக்குத் தூக்கிச் செத்த சித்தப்பா, அப்பா சுவிஸ் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்த நாள் முதல் சாமித்தட்டில் முருகனுக்குப் பின்னால் தலைமறைவு. "அதிகாரியள் வீடு பாக்க வந்தா, ஆர் இது எண்டு கேப்பாங்கள்." அம்மா. நேர்காணல் செவ்வாய்.

அவர்கள் துவக்குக்குப் பூக்கொத்து. எங்கள் துவக்குக்கு வாய்ப்பூட்டு.

வெள்ளி, நவ. 7

செய்துவிட்டேன். சித்தப்பா இப்போது மூன்றாவது சட்டகத்துக்குள். வெள்ளைச் சட்டை, மீசை, கறுப்பு வெள்ளைப் படம். கச்சிதம். ஆசிரியை, "கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்களா!" என்று கண் கலங்கினார். கழிப்பறைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன்.

சனி, நவ. 8

நான் யோசிக்காதது: இன்றைக்கு மண்டபத் துப்புரவு வேலை அப்பாவுக்கு. (துப்புக்கெட்ட வேலை எனக்கு.)

ஊராட்சித் தலைவி பேசினார்: "அநீதியைப் பார்த்து இவர்கள் கைகட்டி நிற்கவில்லை." எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு சின்னப் பிள்ளை சித்தப்பாவுக்கு வெள்ளைப் பூ வைத்தது. அப்பா கதவடியில், தும்புத்தடியோடு. அசையவில்லை.

பிறகு ஊராட்சிச் செயலாளர் கிட்டப் போய்ப் பார்த்தார். படத்தைக் கழற்றித் திருப்பினார். பின்பக்கம் தமிழ். மண்டபத்தில் தமிழர் நானும் அப்பாவும்தான். நேராக அப்பாவிடம்.

"இவரைத் தெரியுமோ?" (பிரெஞ்சில்தான். என் காதில் இப்படி.)

வாயைத் திறந்தேன். அப்பா என்னைப் பார்க்காமலே கையால் மறித்தார்.

"இல்லை ஐயா. தெரியாது."

"என்ன எழுதியிருக்கு?"

எழுதியிருந்தது அப்பாவின் கையெழுத்தில். சித்தப்பாவின் பெயர், செத்த நாள், 'என்ர தம்பி'.

"ஏதோ கடைப் பேர்."

"ஆரோ பகிடி விட்டிருக்கினம்." செயலாளர் படத்தை அப்பாவின் குப்பைப் பைக்குள் போட்டார். அவர் பார்த்துக்கொண்டு நிற்க, அப்பா பையைக் கட்டி வாசலில் இருந்த தொட்டியில் தள்ளினார். நிலத்துக்குக் கீழே விழும் தொட்டி. கை எட்டாது.

ஞாயிறு, நவ. 9

மழை. ஏச்சு இல்லை. அடி இல்லை.

"அப்பா, நான்தான்…"

"தெரியும். சாப்பிடு."

"வேற படம் இருக்கோ?"

"இல்லை."



செவ்வாய், நவ. 11

முதல் பனி. நேர்காணல் முடிந்தது. ஊர் வரலாறு கேட்டார்களாம். அப்பா அந்த மூன்று பேரின் பெயரையும் பிழையில்லாமல் சொன்னாராம். அவர்களுக்கு நல்ல சந்தோசமாம்.

சகோதரர்கள் உண்டா என்றும் கேட்டார்களாம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

சப்பாத்து நூலை அவிழ்க்கக் குனிந்திருந்தார். நூல் எப்போதோ அவிழ்ந்துவிட்டது. "ஒருத்தரும் இல்லை எண்டு," என்றார், நிமிராமலே.