முன் பிரேக்கைத் தொடாதே

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, வேகமாகப் போகவில்லை. அதுதான் குழப்பம். சரிவில் இறங்கும்போது எல்லோரும் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் போன லாரி நின்றது. வலது காலால் பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் பூட்டிக்கொண்டு ஒரு பக்கமாக வழுக்கியது. வண்டி குறுக்கே திரும்பி நின்றபோது லாரியின் பின்பலகை என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதில் காய்ந்த சேறு. சேற்றில் யாரோ விரலால் ஒரு பூ வரைந்திருந்தார்கள். அதை முழுக்கப் பார்த்தேன்.

பைக்கின் பின்சீட்டில் அவன்.

"ஏறி மிதிக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?" குரல் நடுங்கியது. திட்டும்போது குரல் நடுங்குகிற ஆள் என் புருஷன் ஒருவனாகத்தான் இருப்பான்.

"முன் பிரேக்கைத் தொட்டியா?"

"தொடலை."

"அது போதும்."

போதுமா?

மார்ச் 4

கிளினிக்கில் மனம் ஒட்டவில்லை. என் வேலை, ஆட்களைச் சத்தம் புகாத அறைக்குள் உட்காரவைத்து, காதுக்குள் ஒலி அனுப்புவது. கேட்டால் அவர்கள் பொத்தானை அழுத்த வேண்டும். இன்று ஒரு பெரியவர், நான் எதுவுமே அனுப்பாதபோதும் அழுத்திக்கொண்டிருந்தார். "கேட்டுடுச்சும்மா, கேட்டுடுச்சு." பயந்தவர்கள் முந்திக்கொள்வார்கள். காலையில் நானும் அப்படித்தான் ஓட்டினேன். வெறும் சாலையில் மிதித்துக்கொண்டே.

போன வருடம் அவன் விழுந்தான். வளைவில், மணலில், முன் பிரேக்கைக் கை நிறையப் பிடித்து. வலது மணிக்கட்டில் இப்போது தகடு இருக்கிறது. வண்டி ஓட்ட முடியாது. அதனால் வண்டி எனக்கு. காலையில் அவனை அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் இறக்கிவிட்டுத்தான் நான் வேலைக்குப் போகிறேன். சாவியைக் கொடுத்தபோது சொன்னான்: "கையில ஒரு பிரேக் இருக்குங்கறதையே மறந்துடு."

மறந்துதான் இருந்தேன்.

மார்ச் 6

தூக்கத்திலும் வலது கால் மிதிக்கிறதாம். அவன்தான் சொன்னான்.

மார்ச் 7, சனி

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். பிறகு இணையத்தில் கிடைத்ததையெல்லாம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் கனம் முன்னால் சாய்கிறது. பேருந்து சட்டென்று நின்றால் நின்றுகொண்டிருப்பவர்கள் எல்லோரும் முன்னால் சாய்வதுபோல. அப்போது முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது; பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை மிதித்தால் பூட்டிக்கொண்டு வழுக்கத்தான் செய்யும். இத்தனை நாளும் தரையைப் பிடிக்க முடியாத சக்கரத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அவனிடம் சொல்லவில்லை. கடைக்குப் போகிற சாக்கில் சந்தில் முயன்று பார்த்தேன். கையிலிருக்கும் லீவரை இழுத்தால் கைப்பிடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. வண்டி தன் பாட்டுக்குப் போகிறது.

என் கைக்கு வலு இல்லையோ? மாலையில் துணிகளை எல்லாம் முறுக்கி முறுக்கிப் பிழிந்தேன்.

"துணி மேல என்ன கோபம்?" என்றான்.

"ஒண்ணுமில்லையே."

மார்ச் 10, செவ்வாய்

ரிசப்ஷனில் இருப்பவளும் என்னுடையதைப் போன்ற வண்டிதான் வைத்திருக்கிறாள். மதியம் நிறுத்துமிடத்தில் அதன் லீவரை இழுத்துப் பார்த்தேன். பாதியிலேயே கெட்டியாக நின்றது. மறுபடி இழுத்தேன். அவள் பின்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"என்ன, என் வண்டியோட கைகுலுக்கிட்டு இருக்கே?"

என் வண்டியைக் காட்டினேன். ஒரு முறை பிடித்தவள் கையை எடுத்துவிட்டாள். "ஐயய்யோ, என்னடி இது கொழகொழன்னு? இதை வச்சுக்கிட்டா புருஷனைப் பின்னாடி ஏத்திட்டுப் போறே? அவர் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்காரா?"

சிரித்தோம். நான் சிரித்தேனா?

குனிந்து பார்த்தேன். முன்சக்கரத்தின் அருகே, பிரேக் கேபிள் முடிகிற இடத்தில் ஒரு நட். சுற்றிலும் அழுக்கு. நட் முன்பு இருந்த இடத்தில் மட்டும் மரை பளிச்சென்று இருந்தது. தானாகக் கழன்றதல்ல. யாரோ ஸ்பேனர் வைத்து நிதானமாகத் தளர்த்தியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

மாலை. அவன் இடது கையால் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான்.

"முன் பிரேக்கை நீ லூஸ் பண்ணினியா?"

தண்ணீரை நிறுத்தினான். "ஆமா. சாவி குடுத்த அன்னைக்கே. தெரியாம புடிச்சாலும் புடிக்கக் கூடாதுன்னு."

"எங்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"சொன்னா டைட் பண்ணிடுவே."

"அன்னைக்கு லாரியில போய்ச் சொருகியிருந்தா?"

"கீழ விழுந்திருந்தா?"

"நீ விழுந்தது வளைவுல. மணல்ல. மொத்தமா அழுத்தினதால—"

"அப்ப நீ அங்க இருந்தியா?"

இல்லை. நான் மருத்துவமனைக்குத்தான் வந்தேன்.

"டைட் பண்ணினா நான் ஏற மாட்டேன்," என்றான்.

"ஏறாதே."

சொல்லிட்டேன். எனக்குக் கோபம் வரக் கூடாதா? என்னை நம்பலை, சரி. ஆனா நான் துணியை முறுக்கிப் பிழிஞ்சுக்கிட்டு நின்னதைப் பார்த்துக்கிட்டே இருந்தானே. பின்னாடி உட்கார்ந்து வந்ததும் அவன்தானே. ரெண்டு பேர் உயிரும் ஒரு நட்டுல இருந்திருக்கு, அது அவனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு—

மார்ச் 11

கிளினிக்குக்கு எதிரில் இருக்கும் பட்டறையில் பிரேக்கைச் சரிசெய்துகொண்டேன். அவன் பேருந்தில் போனான்.

மார்ச் 15, ஞாயிறு

பக்கத்தில் ஒரு பழைய கிடங்குக்குப் பின்னால் காலித் தளம் இருக்கிறது. தனியாகப் போனேன்.

முதல் தடவை வெடுக்கென்று இழுத்துவிட்டேன். வண்டியின் மூக்கு குத்திட்டு இறங்கியது. அப்படியே வீட்டுக்குப் போய்விடலாமா என்று கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு மெல்ல. முதலில் லீவரைத் தொடு. முன்பக்கம் அமுங்கட்டும். அமுங்கிய பிறகு அழுத்து. காலும் கூடவே, லேசாக. வண்டி நேராக இருக்கும்போது மட்டும். ஒரு கட்டத்தில் வண்டி சண்டை போடாமல் நின்றது. மறுபடி செய்தேன், நின்றது. உதட்டைக் கடித்திருந்தது அப்போதுதான் தெரிந்தது.

ஓரத்தில் மணல் கிடந்தது. போகாதே என்றுதான் நினைத்தேன். போனேன், நடக்கிற வேகத்தில். முன் பிரேக்கைத் தொட்டதும் சக்கரம் அடியிலிருந்து உருவிக்கொள்ளப் பார்த்தது. லீவரை விட்டுவிட்டேன், காலை ஊன்றினேன். ஒரு நொடிதான். அவன் இதை முழு வேகத்தில் பார்த்திருக்கிறான்.

வீட்டில் சொன்னேன். "மணல்ல புடிச்சுப் பார்த்தேன். பயமாத்தான் இருக்கு."

அவன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "விழுந்தியா?" என்றான்.

"இல்லை."

பிறகு பத்து தடவையாவது என் முழங்காலைப் பார்த்தான்.

மார்ச் 19, வியாழன்

நின்றிருந்த காரின் கதவு திறந்தது, என் முகத்துக்கு நேராக. கையும் காலும் சேர்ந்தே போயின. நேராக நின்றேன். கதவு தொடவில்லை.

காரிலிருந்து இறங்கியவர், "பார்த்துப் போம்மா," என்றார். கதவைத் திறந்தது நான் போல.

பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தினேன். பின்னால் அவன் இருந்திருந்தால்? இரண்டு பேர் கனத்தோடு நின்றிருக்குமா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரே வழிதான். அது என் கையில் இல்லை.

இதை அவனிடம் சொன்னேன், கடைசிக் கேள்வியை விட்டுவிட்டு.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் மழை விட்டிருந்தது, சாலை ஈரம். கீழே இறங்கினால் வண்டிக்குப் பக்கத்தில் அவன் ஹெல்மெட்டோடு நிற்கிறான்.

"பஸ் வரலையா?"

"வந்துச்சு."

ஏறிக்கொண்டான். சரிவில் சிவப்பு விழுந்தது. நன்றாக முன்பே தொடங்கினேன். கை, கூடவே கால். ஈரம் என்பதால் இன்னும் மெதுவாக. கனம் முன்னால் வந்தது, அவனும் வந்தான். அவன் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்கென்று மோதியது. கோட்டுக்கு முன்பாகவே நேராக நின்றோம்.

என்ன சொல்லப் போகிறான்?

"முன்னாடி பிரேக்கை இன்னும் கொஞ்சம் பூவா புடி," என்றான். "தலை இடிக்குது."

சரி என்றேன். பச்சை விழுந்ததும் கிளம்பி, அவனைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு, கிளினிக்குக்குப் போனேன்.