ஸிஹாமாவின் அலுமாரி

லுணுகலை,
6.5.2024

அன்பு மருமகள் நிலக்ஷனாவுக்கு,

ஊவா மாகாணத்துப் பூட்டுகளுக்கெல்லாம் சக்கரவர்த்தி, தேயிலை பெக்டரியின் தலைமை வாச்சர் (வேறு வாச்சர் கிடையாது), உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் எல்லாரும் சுகம். உன் அம்மாவின் இருமல் மட்டும் பதுளை வரைக்கும் கேட்டிருக்கும்.

தங்கிப் படிக்கிற போடிங்கில் அறைக்கதவைப் பூட்டுகிறாயா? லெப்டொப் சௌக்கியமா? இருபத்திரண்டு வருஷமாக என் பெக்டரிக்குள் எலிகூடக் கையெழுத்துப் போட்டுத்தான் நுழைகிறது. யாராவது தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை மறந்துவிட்டுப் போனால் எடுத்து ஒளித்துவைப்பேன். ஒரு நாள் தேடவிட்டு, மறுநாள் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போது எல்லார் முன்னாலும் நீட்டுவேன். மலையே குலுங்கிச் சிரிக்கும். அதன்பிறகு அவன் பெண்டாட்டியை மறந்தாலும் கத்தியை மறக்க மாட்டான்.

மறைக்காமல் பதில் எழுது.

மாமா மாணிக்கராஜ்

*

பதுளை,
10.5.2024

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களுக்கு மூக்கில் வேர்த்துவிட்டதா? லெப்டொப் போன ஞாயிற்றுக்கிழமையே காணாமல் போய்விட்டது. கதவைச் சும்மா சாத்திவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் கட்டில் காலி. அம்மாவிடம் சொல்லிடாதீங்க.

அன்றைக்கு எனக்கு முன்னால் அறைக்குத் திரும்பியிருந்தவள் ஸிஹாமா. இரண்டு வருஷமாக என்னோடு ஒரே அறையில் இருப்பவள். "வேற யாரு எடுத்திருப்பா?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்டார்கள். நான் அவள் அலுமாரியைத் திறந்து உடுப்பையெல்லாம் கட்டிலில் கொட்டினேன். வாசலில் எல்லாரும் நின்று பார்த்தார்கள். அவள் அழவில்லை. "உள்ளுக்கு இன்னொரு தட்டு இரிக்கி, அதயும் பாரு" என்றாள்.

அதிலும் இல்லை. மறுநாள் வீட்டுக்குப் போனவள் இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை பரீட்சை.

நிலக்ஷனா

*

பதுளை,
13.5.2024

நிலக்ஷனா,

இன்றைக்குப் பட்டங்கள் வேண்டாம்.

லெப்டொப்பை எடுத்தது நான். ஞாயிறு பூசை முடிந்து உன்னைப் பார்க்க வந்தேன். கதவைத் தள்ளினால் திறந்தது, ஆளில்லை. பெக்டரிப் புத்தி. பைக்குள் போட்டுக்கொண்டு, பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே போனேன். நீ அழுது எழுதுவாய், நான் ராஜா மாதிரி வந்து நீட்டுவேன் என்று இருந்தேன்.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கத்தியைக் கொடுக்கும்போது சிரித்தவர்கள் மட்டுந்தான் எனக்கு ஞாபகம். தேடின அந்த ஒரு நாளில் அவர்கள் யாரைச் சந்தேகப்பட்டு, யாருடைய லயத்து வீட்டு வாசலில் போய் நின்றார்கள் என்று நான் ஒருத்தனிடமும் கேட்டதில்லை.

லெப்டொப்பை போடிங்கார அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். மேலே ஏறிவர முகமில்லை. அந்தப் பிள்ளை வந்ததும் இந்தக் கடிதத்தை எல்லார் முன்னாலும் வாசி. என் பெயரைச் சத்தமாகவே வாசி.

மாணிக்கராஜ்

*

பதுளை,
20.5.2024

மாமாவுக்கு,

பரீட்சைக்கு ஸிஹாமா வந்தாள். நீங்கள் சொன்னபடி எல்லார் முன்னாலும் வாசித்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "ஒங்க மாமா வெளாட்டுக்கு எடுத்தாரு. நீ வெளாட்டுக்கா தொறந்த?"

உங்கள் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். அதற்கு எனக்கு முகமில்லை.

இப்போது அறைக்கதவைப் பூட்டுகிறோம். அவள் புதுப் பூட்டு வாங்கித் தன் அலுமாரியையும் பூட்டுகிறாள். வெளியே போகும்போது இல்லை. நான் அறைக்குள் வரும்போது.

நிலக்ஷனா