பக்கத்து வீட்டு மல்லித் தண்ணீர்

12 நவம்பர், திங்கள்
விடியலிலிருந்து மழை. மூக்கடைப்பு. எச்சில் விழுங்கினால் தொண்டையில் முள். என் வீட்டுக்காரர் ரயில் கார்டு; இவர் பிறை ஊருக்குப் போகும் ரயிலில் போயிருக்கிறார். வியாழன்தான் வருவார்.
காலை கருப்புக் காப்பி, மதியம் உப்புப் போட்ட கஞ்சி. இரண்டும் மண்.
பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. பேச ஆள் இல்லை. பக்கத்து வீட்டில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் குடும்பம். அந்தம்மா என்னிடம் வாய் திறந்ததில்லை. நானும்தான்.

செவ்வாய்
காய்ச்சல். அடுப்பு மூட்டவில்லை. பால்காரர் வாசலில் நின்று, "என்னம்மா, மூஞ்சி வீங்கிக் கெடக்கு? பால் வேணாம், சளி கட்டும். சுக்குக் காப்பி குடிங்க" என்றார். வீட்டில் சுக்கு இல்லை. பாசார் கடை வரை நடக்கத் தெம்பில்லை. வெந்நீர் குடித்துப் படுத்தேன். கொஞ்சம் அழுகை.
சாயங்காலம் பின்கதவில் தட்டும் சத்தம். பக்கத்து வீட்டம்மா, கையில் மூடிய செம்பு.
"ராத்திரி முழுக்க இருமினது கேட்டுது, பிள்ளை. தடிமனோ, மூக்கடைப்போ? இந்தாரும், மல்லித் தண்ணி. இஞ்சியும் போட்டனான். சுடச்சுடக் குடியும்."
கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. ஒரு கடி, ஒரு மிடறு. குடித்து முடிக்கும் வரை நின்றார்.

புதன்
மூச்சு விட முடிகிறது. காலையில் மறுபடி மல்லித் தண்ணீர். மதியம் குழைந்த சோறு, மிளகு ரசம், எல்லாம் அவர் வீட்டுச் சமையல். பெயர் நாகம்மா. இன்று உட்கார்ந்து பேசினார்.
"எனக்கும் இஞ்ச ஒருத்தரும் இல்லை. நீர் கதைக்க மாட்டீர் எண்டு நினைச்சன்."
நான் நினைத்ததும் அதேதான். இருவரும் சிரித்தோம். எனக்கு இருமல் வந்துவிட்டது.
எழுந்தபோது சொன்னார்: "வெள்ளிக்கிழமை லிப்பிஸ் எண்ட ஊருக்குப் போறம், பிள்ளை. அவருக்கு அங்க வேலை மாற்றம்."
செம்பைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன்.

வியாழன்
இவர் வந்தார். "உடம்பு எப்படி இருக்கு?"
"சளிதான். சரியாப் போச்சு."
சாப்பிட்டுத் தூங்கிவிட்டார். நாளை நாகம்மாவுக்குக் கட்டிக் கொடுக்கப் புளி ஊறவைத்தேன்.

வெள்ளி
வெயில். காலையிலேயே லோரி வந்துவிட்டது. வழிக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தேன். நாகம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே, "தலைக்கு ஊத்தாதேயும் இப்ப. போயிட்டு வாறன்" என்றார். நான் "சரிக்கா" என்றேன். முதல் தடவை அக்கா என்றது. லோரி முனை திரும்பும் வரை நின்றேன்.

சனி
இவர் மறுபடி பிறைக்கு. இன்று காப்பி வாசனை தெரிந்தது. நல்ல பசி. சோறு, சுட்ட அப்பளம், கொஞ்சம் துவையல். தனியாகத்தான்.
பக்கத்து வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பால்காரரைக் கேட்டேன். "தெரியலம்மா."
யார் வந்தாலும் அன்றைக்கே போய்க் கதவைத் தட்ட வேண்டும்.