பத்திரிகையில் அண்ணன் பெயர்

ஜூலை 30, புதன்

கல்யாணத்துக்கு இன்னும் முப்பத்தாறு நாள். சமையல்காரர் கொடுத்த சாமான் பட்டியலைப் பார்த்தேன். எண்ணூறு இலைக்கு இவ்வளவு துவரம்பருப்பா? பத்தொன்பது வருடமாகச் சத்துணவு அமைப்பாளராக இருந்து தினம் நூற்றுச் சொச்சம் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவளிடமே இந்த வேலையா? பென்சிலை எடுத்துக் கால்வாசியை வெட்டினேன். ஆள் முகம் சுண்டிப்போனது. போகட்டும்.

கல்யாணப் பத்திரிகையின் மாதிரி அச்சகத்திலிருந்து வந்தது. மகள் சுசித்ராவின் படிப்பு சரி, மாப்பிள்ளை ஈஸ்வரனின் வேலை சரி. தாய்மாமன் இடம் காலியாக இருக்கிறதே என்று அச்சகத்துக்காரர் போனில் கேட்டார். ‘தெய்வத்திரு சீனிச்சாமி’ என்று போடச் சொன்னேன். அண்ணன் போய் ஐந்து வருடம் ஆகிறது. கொரோனா சமயம், மலையில் ஏதோ எஸ்டேட்டில். முகம் பார்க்கக்கூட வழியில்லாமல் போய்விட்டது.

மணையில் தாய்மாமன் மாலை போட என் சித்தப்பா மகன் அழகுராஜா சம்மதித்துவிட்டான். அந்தக் கவலை தீர்ந்தது.

ஆகஸ்டு 4, திங்கள்

ஆடிப்பெருக்கு நேற்றோடு முடிந்தது. முதல் பத்திரிகையைக் குலசாமி காலடியில் வைத்தோம். இன்று மட்டும் இருபத்திரண்டு வீடு. காபி குடித்துக் குடித்து வயிறு எரிகிறது.

ஆகஸ்டு 7, வியாழன்

கல்யாணத்தன்று குரங்கணிச் சொந்தங்களை ஏற்றி வர ஜீப் வேண்டும். டிரைவர் காசிமாயனை வரச்சொல்லியிருந்தேன். போடிமெட்டுக்கு எஸ்டேட் ஆட்களைத் தினமும் ஏற்றிப் போகிற பையன். பத்திரிகை கொடுத்தேன். நின்றபடியே வாசித்தான், சட்டென்று நிறுத்தினான்.

“அக்கா, இது யாரு? உங்க அண்ணே சீனிச்சாமியா? ஏலக்கா ஸ்டோர்ல காய் வேக்காடு பாக்குறவரா? அவரு போன செவ்வாக்கெழமை என் ஜீப்புல வந்தாருக்கா. முன் சீட்டுல.”

நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இவர், சுசித்ராவின் அப்பா, ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார். காசிமாயன் பயந்துபோய், “நல்ல செய்திதானக்கா” என்றான்.

ஆகஸ்டு 8, வெள்ளி

இன்று ஒரு வீட்டுக்கும் போகவில்லை. தலைவலி என்று சொன்னேன்.

ஆகஸ்டு 10, ஞாயிறு

இவர் யோசித்துச் சொல்லிவிட்டார். “முந்நூறு பத்திரிகை வெளிய போயிருச்சு. இனி ஸ்டிக்கர் ஒட்டுனா அதுவே ஊரெல்லாம் தண்டோரா போட்ட மாதிரி. மாப்ள வீட்டுக்கு எதுக்குத் தெரியணும்? பேசாம இரு.”

சரி என்றேன். என்ன சுலபமாக வருகிறது எனக்கு இந்தச் சரி.

அண்ணன் எஸ்டேட்டில் காய் எடுக்க வந்த ஜோதியைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் ஆகிறது. அவர்கள் வேறு ஆட்கள். அப்பா அன்றே தலைமுழுகிவிட்டார். அதன் பிறகு, அப்பா இருந்தவரை, வீட்டில் அண்ணன் பேச்சை எடுத்தால் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிடுவார். கொரோனா வருடம், சந்தையில் யாரோ “சீனிச்சாமி மேல போய்ச் சேந்துட்டானாம்ல” என்றார்கள். யார், எப்போது, எந்த ஆஸ்பத்திரி என்று ஒரு கேள்வி கேட்டேனா? வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். ஈரத்தலையோடு குழம்பு தாளித்தேன்.

ஆகஸ்டு 13, புதன்

இந்த நோட்டிலும் பொய் எழுதியிருக்கிறேன். நான் மட்டும் பார்க்கிற நோட்டில்.

அவர் உயிரோடு இருப்பது காசிமாயன் சொல்லித்தான் எனக்குத் தெரியுமா? இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னாலேயே தெரியும். ஒரு மதிய நேரம் போஸ்ட்மேன் கடிதம் கொண்டுவந்தார். கவரில் அந்தச் சாய்ந்த கையெழுத்து. ‘க’ போடும்போது கொக்கி மாதிரி வளைப்பது அண்ணன் ஒருவர்தான். அனுப்புநர் இடத்தில் எஸ்டேட் விலாசம். கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்று கொடுத்துவிட்டேன். உள்ளே என்ன எழுதியிருந்தாரோ. அப்போதுதான் சுசித்ராவுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

செத்தவராக இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். எங்கே இருக்கிறார், யாரைக் கட்டினார், ஏன் வரவில்லை—ஒன்றும் கிடையாது. தெய்வத்திரு என்று ஒரு வார்த்தை, முடிந்தது சோலி. அச்சகத்துக்காரரிடம் என் குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. காசிமாயன் முன்னால் நெஞ்சில் கை வைத்தேனே, அது என்ன நடிப்பு! சீ. என்ன பொம்பளடி நீ.

ஆகஸ்டு 16, சனி

சுசித்ரா கடைவீதியில் காசிமாயனைப் பார்த்திருக்கிறாள். வீட்டுக்குள் வரும்போதே, “ஏம்மா, மாமா உயிரோட இருக்காராமே! எங்கிட்ட ஏன் சொல்லல?” சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்குகிறது. பாவம், ஏதோ தகவல் தப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். தாம்பாளம் வைத்து முறையாகக் கூப்பிட வேண்டுமாம். அவளும் வருவாளாம். இவர் முகத்தைப் பார்த்தேன். “கூப்பிட்டுக்கங்க. ஆனா மாலை போடுறது அழகுராஜாதான்” என்றார். நான் அதற்கும் சரி என்றேன்.

ஆகஸ்டு 20, புதன்

மலைக்குப் போய்விட்டு வந்தோம்.

காலையில் பிளேடை எடுத்து ஒரு பத்திரிகையில் அந்த வார்த்தையைச் சுரண்டிப் பார்த்தேன். தாள் கிழிந்தது. இன்னொன்றில் பேனா மையால் அடித்தேன், இன்னும் பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் எதுவும் செய்யாத ஒன்றைத்தான் தாம்பாளத்தில் வைத்தேன். வெற்றிலை, பழம், மஞ்சள், குங்குமம், அதன் நடுவில் உங்கள் சாவுச் செய்தி, வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே.

மெட்டைத் தாண்டி உள்ளே நாலு கிலோமீட்டர். காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் தகரம் போட்ட வீடு. மழையும் புகையுமாக இருந்தது. அண்ணன் தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார், துடைத்து முடியவே இல்லை. ஜோதி மதினி பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார். சுசித்ரா அவரோடு அடுப்படிக்குப் போய்விட்டாள். இரண்டே நிமிடத்தில் அங்கே சிரிப்புச் சத்தம்.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பத்திரிகையை வாசித்தார். குலசாமி துணையிலிருந்து ஒரு பெயர் விடாமல், வாய்விட்டு. நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்ததும் சத்தம் நின்றது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே,

“பேரையாவது போட்டிருக்கியே தாயி” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவர் நிஜமாகவே அதற்குச் சந்தோஷப்பட்டார். அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

சுசித்ரா திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தபோது அவர் கேட்டார், “ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு காயிதம் போட்டேன். திரும்பி வந்திருச்சு. வீடு மாறிட்டீகளோ?”

“ஆமாண்ணே” என்றேன்.

சுசித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்ததே இந்த வீட்டில்தான். அண்ணனும் என்னைப் பார்த்தார். பிறகு, “அதான பாத்தேன்” என்று சொல்லிவிட்டு, மழை விட்டிருக்கிறதா என்று பார்க்க எழுந்து போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது. எப்போதோ தெரிந்திருக்கும்.

குடும்பத்தோடு வந்துவிடுங்கள் என்றேன். மாலை நீங்கள்தான் போட வேண்டும் என்று சொல்லவில்லை. இறங்கும்போது ஜீப்பில் பதினேழு வளைவும் சுசித்ரா வெளியே பார்த்தபடியே வந்தாள்.

ஆகஸ்டு 25, திங்கள்

வாழைமரம், தண்ணீர் கேன், பந்தல்காரர், மேளம் எல்லாம் சொல்லியாகிவிட்டது. சுசித்ரா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

கல்யாணம் நேற்று நல்லபடியாக முடிந்தது. பருப்பு பற்றவில்லை. கடைசிப் பந்திக்கு ரசம்தான். நான் வெட்டிய பருப்பு.

இதை எழுதத்தான் வேண்டும்.

காலை ஏழு மணி இருக்கும். மண்டப வாசலில் நானும் மாப்பிள்ளையின் அம்மா வேலுத்தாயும் நின்று பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தோம். காசிமாயன் ஜீப்பிலிருந்து அண்ணன் இறங்கினார். தனியாக. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. கையில் வாழை இலையில் சுற்றிய பொட்டலம். பிரித்துக் காட்டினார். பச்சை ஏலக்காயில் நெருக்கமாகக் கட்டிய மாலை, ஒரே அளவு காயாகப் பொறுக்கிக் கட்டியது.

“இவுக யாரு மதினி?” என்று வேலுத்தாய் என்னிடம் கேட்டார்.

வாயைத் திறந்தேன். எங்க அண்ணன். இரண்டே வார்த்தை. வரவில்லை. அண்ணன் ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான்.

“மாலை சொல்லியிருந்தாகம்மா. குடுத்துட்டுப் போக வந்தேன்.”

“உள்ள குடுத்துட்டு, இருந்து சாப்புட்டுப் போங்க” என்றார் வேலுத்தாய்.

நானும் சொன்னேன். கூடப் பிறந்தவரைப் பார்த்து, மாலைக் கடைக்காரரிடம் சொல்கிற மாதிரி, “ஆமா, சாப்புட்டுப் போங்க.”

அந்த மாலையை அழகுராஜாதான் சுசித்ராவுக்குப் போட்டான். மண்டபம் முழுக்க மணம். மணையில் உட்கார்ந்திருந்தவள் கூட்டத்தில் கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தாள். நான் குனிந்து அட்சதைத் தட்டைச் சரி செய்தேன். பிறகு காசிமாயனிடம் விசாரித்தேன். “எலையில உக்காரலக்கா. ஸ்டோர்ல அடுப்பு அணைஞ்சிருமுன்னு வெரசா கெளம்பிட்டாரு” என்றான்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மறுவீட்டு விருந்து. சம்பந்தி வீட்டார் எட்டுப் பேர். இந்தத் தடவை பருப்பில் கை வைக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போடும்போது வேலுத்தாய் கேட்டார், “மதினி, அந்த ஏலக்கா மாலை கட்டுனவரு போன் நம்பர் குடுங்க. எங்க நாத்தனா மகளுக்கு ஐப்பசியில கல்யாணம். அதே கணக்கா ஒண்ணு கட்டணும்.”

இவர் தொண்டையைச் செருமினார். சுசித்ரா தட்டு எடுத்துக்கொண்டிருந்தவள், எடுக்காமல் நின்றாள்.

“அது வெலைக்குக் கட்டுனதில்ல மதினி. அவரு எங்க அண்ணன் சீனிச்சாமி. என்கூடப் பொறந்தவரு.”

“பத்திரிகையில...”

“நான்தான் அப்பிடிப் போடச் சொன்னேன். உசுரோட இருக்காருன்னு தெரிஞ்சேதான் போடச் சொன்னேன். அவரு போட்ட காயிதத்தையும் நான்தான் திருப்பி அனுப்புனேன்.”

ஜோதி மதினி யார் என்பதையும் சொன்னேன். இவர் எழுந்து வெளியே போய்விட்டார். போகட்டும். வேலுத்தாய் சுண்ணாம்பு தடவிய வெற்றிலையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

“அன்னைக்கு வாசல்ல வச்சு அவரச் சாப்புட்டுப் போங்கன்னேனே நான்” என்றார். பிறகு, “அவருக்குப் பிள்ளைக எத்தன?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அவர் வீடு வரை போய்ச் சாயா குடித்துவிட்டு வந்தவள், அதைக் கேட்கவே இல்லை.

“ரெண்டு பொண்ணு, ஒரு பையன் அத்தை” என்று சுசித்ராதான் சொன்னாள்.