பாவாடையில் மூன்று மடிப்புக் கோடுகள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கேயும் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் தங்கைக்கு அடுத்த மாதம்தான் ஒன்பது முடிகிறது, அதற்குள் என் தோளைத் தொட்டுவிட்டாள். உன் அப்பா போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். போன வாரம் பள்ளிக்கூட நர்ஸ் கூப்பிட்டு, இவள் ஏன் சட்டைக்குள்ளே இன்னொரு இறுக்கமான சட்டை போட்டு வருகிறாள் என்று கேட்டதும் என் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டரம்மா இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு பதினொரு வயசுப் பிள்ளையுடையது மாதிரி இருக்கிறது என்றார். பெண் பிள்ளைகள் விறுவிறுவென்று உயர்வதே வயதுக்கு வரப்போவதற்கு அடையாளமாம், வந்த பிறகு இரண்டு மூன்று அங்குலத்தோடு நின்றுவிடுமாம், அவசரமாக வளர்ந்தவள் கடைசியில் குட்டையாகவும் போகலாமாம். எட்டு வயதுக்கு முன்னாலேயே இது தொடங்கியிருந்தால் ஊசி போட்டுத் தள்ளிவைப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், வருஷா வருஷம் உயரம் குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். தெருப் பெண்கள் அத்தனை பேர் அளவும் என் தையல் நோட்டில் இருக்கிறது, பெற்ற பெண்ணுடையது மட்டும் இல்லை. கண்ணளவிலேயே வெட்டுகிறவளுக்கு அவ்வளவு திமிர். உன் அத்தை வேறு பாலையும் முட்டையையும் நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள், வளர்கிற பிள்ளையைப் பட்டினி போடச் சொல்லும் வாயை என்னதான் செய்வது.

கடைசியில் அவளுடைய பள்ளிப் பாவாடையைப் புரட்டினேன். ஏழு வயதில் தைத்தது, அடியில் நிறைய மடித்து விட்டிருந்தேன். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் பிரித்த மடிப்பின் கோடு போகாது. முதல் கோட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவே ஒரு விரற்கடை, அடுத்ததற்கு மூன்று. அந்த மூன்றை நான் இறக்கியபோது அவளுக்கு எட்டு முடியவில்லை. புதுத் துணி எடுக்க வேண்டாமே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, புத்தியில் உறைக்கவில்லை. பாவாடையையே கொண்டுபோய்க் காட்டினேன். உயரக் கணக்கு இல்லைதான், ஆனால் வேகம் எப்போது பிடித்தது என்று தெரிகிறது என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டார். அக்கா எப்போது வயதுக்கு வந்தாள் என்றார், பன்னிரண்டு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் வைத்துச் சின்னவளிடம், உடம்பு மாறுவதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீ திட்டுவே. அக்காவும் வயசுக்கு வந்ததை உன்கிட்ட ரொம்ப நாள் சொல்லாமத்தான் இருந்தாளாம்” என்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஊரார் பெண்களெல்லாம் கூச்சமில்லாமல் என் டேப்புக்கு முன்னால் நிற்கிறார்கள், என் இரண்டும் ஒளிகின்றன. நீ வளராமல் நின்றபோது சரியாகச் சாப்பிடாத குள்ளி என்று எத்தனை ஏச்சு ஏசினேன், அதற்குள் உனக்கு எல்லாம் முடிந்திருந்ததா?

போனில் கேட்டால் மழுப்பிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். இருபதாம் தேதி மறுபடி போக வேண்டும், அதற்குள் உண்மையான வயதும் மாதமும் எழுதி அனுப்பு, உன் தங்கைக்காக. நேரத்துக்குச் சாப்பிடு, இடுப்பு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நீங்கள் இருவரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். மறந்துவிடாதே, எந்த மாதம் என்று எழுது. இந்தத் தடவை திட்ட மாட்டேன்டி.

இப்படிக்கு,
திட்டியே வளர்த்த உன் அம்மா