பகல் பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டு

சீசா, பலெர்மோ
20.10.2024, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கேசிகாவுக்கு அம்மா எழுதுறது,

கடிதம் எண்டால் சுகத்தோடை தான் தொடங்க வேணுமாம், அதாலை நான் சுகம் எண்டே வைச்சுக்கொள், முழங்கால் மட்டும் சொல்வழி கேக்குதில்லை. நீயும் விதுரனும் உன்ரை வயித்திலை இருக்கிற என்ரை பேரப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேணும் எண்டு காலமை விளக்குக் கொளுத்தேக்கை கேட்டனான். பிறஷர் இப்ப எப்பிடி, உப்பைக் குறைச்சனியோ, ஊறுகாய்ப் போத்தலை ஒளிச்சு வைக்கச் சொல்லி விதுரனிட்டைச் சொன்னனான், அந்தப் பிள்ளை எல்லாத்துக்கும் ஓம் மாமி ஓம் மாமி எண்டு சொல்லும், செய்யிறது தான் இல்லை. ஒவ்வொரு நாளும் போனிலை முகம் பாத்துக் கதைக்கிற மனுசி இதென்ன புதுசாக் கடிதம் எழுதுது எண்டு நீ யோசிப்பாய். போனிலை சொல்ல ஏலாத கதை பிள்ளை. உன்ரை முகத்தைப் பாத்தால் நான் திரும்பவும் பொய் தான் சொல்லுவன். எங்கடை ஒழுங்கைப் புனிதமலர் வாற புதன்கிழமை பரிஸிலை ஒரு கலியாணவீட்டுக்கு வாறா, அவவின்ரை கையிலை குடுத்துவிடுறன். சனிக்கிழமை நீங்கள் வீட்டுப் பத்திரத்திலை கையெழுத்து வைக்க முதல் இதை நீ வாசிச்சு முடிச்சிருக்க வேணும்.

நீ அனுப்பின ரண்டு வீட்டுப் படத்தையும் பெருப்பிச்சுப் பெருப்பிச்சுப் பாத்தன். லாக்கூர்னேவ் வீடு படிக்கட்டு முழுக்க எங்கடை சனம், கீழை தமிழ்க்கடை, விதுரன்ரை தமக்கை அடுத்த தெரு, உன்ரை வேலைக்குப் போக மட்டும் ஒண்டே கால் மணித்தியாலம். மற்றது அந்தப் பொந்துவாஸ், பேரே வாயிலை வருகுதில்லை, நீ வேலை செய்யிற ஆசுப்பத்திரிக்குப் பத்து நிமிஷ நடை, ஆனா கண்ணுக்கெட்டின தூரத்துக்கு ஒரு தமிழ் முகம் இல்லை. போன கிழமை நீ சொன்னாய், அம்மா நான் லாக்கூர்னேவைத் தான் எடுக்கப்போறன், விதுரன் லொறி எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் ரண்டு மூண்டு நாள் வீட்டிலை இல்லை, அப்பாக்கு நடந்த அண்டைக்கு சீசாவிலை எங்கடை ஆக்கள் சுத்தி நிண்டபடியாத் தானே அவர் தனியச் சாகேல்லை, உங்கடை மடியிலை தானே போனவர், எனக்கும் அந்தரம் அவசரத்துக்கு அப்பிடி ஆக்கள் வேணும் எண்டு. நான் ம் ம் எண்டு கேட்டுக்கொண்டு இருந்தன். நான் சொன்ன ஒரு பொய்யை நம்பி என்ரை பிள்ளை வீடு எடுக்கப்போகுது. கேசி, அப்பா என்ரை மடியிலை போகேல்லை. நான் அங்கை இல்லை. எங்கடை ஆக்கள் ஒருத்தருமே அங்கை இல்லை.

எழுதிப்போட்டன். இனி முழுக்கச் சொல்லுறன், இருந்து வாசி, நிண்டுகொண்டு வாசியாதை. முதல் நாங்கள் கால்சாவிலை இருந்தது உனக்கு ஞாபகம் இருக்கும், கடற்கரைப் பக்கம், ஈரச்சுவர், ஆனா அப்பா வேலை செய்த சாப்பாட்டுக்கடை எட்டி நடந்தால் வந்திடும். அந்தப் படிக்கட்டிலை நாங்கள் மட்டும் தான் தமிழ். கீழை மீன்காரன் குடும்பம், அப்பாவை சேகரோ சேகரோ எண்டு கூப்பிட்டு மிச்ச மீனைக் கையிலை திணிப்பினம், அவர் ரண்டு நாள் வெளியிலை வராட்டிக் கதவைத் தட்டிக் கேப்பினம். எனக்கு அது பிடிக்கேல்லை. உனக்குப் பன்ரண்டு வயசாகுது, நாளைக்குப் பெரியபிள்ளை ஆனால் சாமத்தியவீட்டுக்கு ஆலாத்தி எடுக்க ரண்டு பொம்பிளையள் வேண்டாமோ எண்டு ஒற்றைக்காலிலை நிண்டனான். சீசாவிலை ஒரே ஒழுங்கையிலை பதினொரு தமிழ்க் குடும்பம் எண்டு அங்கை இருந்த றோசமலர் சொன்னவா, எனக்கு அது போதும். அப்பா ஒரே ஒரு சொல்லுத் தான் சொன்னவர், செல்வம், அவையளும் எங்களைப் போலை விடிய வெளிக்கிட்டு சிஞ்ஞோரா வீடுகளுக்குத் துப்புரவு வேலைக்குப் போற சனம் தானே, பகலிலை ஆர் அங்கை இருப்பினம் எண்டு. பேய்க்கதை கதையாதையுங்கோ எண்டு நான் தான் வாயை அடைச்சனான். நான் பிடிச்ச பிடியிலை தான் சீசாவுக்கு வந்தது, அதை ஆரிலையும் போட ஏலாது.

இந்த வீட்டுக்குக் கீழை இருக்கிற விளக்குமாத்துக் கிழவியை உனக்குத் தெரியும். நீ தான் அந்தப் பேர் வைச்சனி. நான் ஞாயிற்றுக்கிழமையளிலை சமையலறை நிலத்திலை உரலை வைச்சு இடிசம்பல் இடிக்கத் தொடங்கினால் அவ கீழை இருந்து விளக்குமாத்துத் தடியாலை முகட்டிலை மூண்டு தரம் இடிப்பா, நான் வேணுமெண்டு இன்னும் ரண்டு இடி கூட இடிப்பன், நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். வந்த புதுசிலை ஒருக்கா மூடின தட்டிலை என்னவோ கொண்டு மேலை ஏறி வந்தவா. என்ன இறைச்சியோ தெரியாது எண்டு கதவை அரைவாசி திறந்து வேண்டாம் எண்டு அனுப்பிப்போட்டன். அதுக்குப் பிறகு அவ வரேல்லை, விளக்குமாறு தான் வந்தது. பதினாலு வருஷம் பிள்ளை, ஒரு நல்ல சொல்லுக் கதைச்சதில்லை.

அண்டைக்கு, ரண்டு வருஷத்துக்கு முந்தி, செப்டெம்பர் நாலாந் திகதி, ஞாயிறு, றொசலியா மாதாவின்ரை நாள். உனக்குப் பிரான்ஸ் ஆசுப்பத்திரி வேலைக் கடுதாசி சரிவந்தால் வெறுங்காலோடை அவவின்ரை கோயில் மலை ஏறி வாறன் எண்டு நேர்த்தி வைச்சிருந்தனான். இதை எழுதினவுடனை நீ உன்னிலை பழியைப் போடத் தொடங்குவாய், அப்பிடி நினைச்சாயெண்டால் எனக்குக் கெட்ட கோவம் வரும், நேர்த்தி வைச்சது நான், நீ கேக்கேல்லை. அப்பாவின்ரை நெஞ்சு அதுக்கு ஒரு மாசம் முந்தித் தான் ஒருக்கா வெருட்டினது, நான் நிக்கட்டோ எண்டு கேக்க, போட்டு வா, நான் என்ன சின்னப்பிள்ளையே எண்டு துரத்தி விட்டவர். எங்கடை ஒழுங்கையிலை இருந்து எல்லாரும் வந்தினம், கைக்குழந்தையோடை இருந்தவளும் வந்தவள், வெள்ளைக்காரன் மாதா எண்டாலும் எங்கடை சனத்துக்கு அவ கோயில் அம்மன் தானே. பதினொரு வீடும் பூட்டு. அதை நான் அப்ப யோசிக்கேல்லை.

ஒன்பது பத்துக்கு அப்பா எனக்குப் போன் எடுத்திருக்கிறார். மாதாவிட்டைப் போறம் எண்டு சத்தத்தை நிப்பாட்டிப் பையுக்கை வைச்சிருந்தனான். அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தனான் தெரியுமோ, பாதை வளைவிலை கல்லிலை இருந்து றோசமலரின்ரை மரக்கறிப் பற்றிசைத் திண்டுகொண்டு அவவின்ரை மருமகளைப் பற்றின கதைக்குச் சிரிச்சுக்கொண்டிருந்தனான். பிறகு றோசமலருக்கு எடுத்திருக்கிறார். பிறகு எங்கடை ஒழுங்கைப் பெடியன் சிந்துஜனுக்கு, நீ போன பிறகு எங்களுக்கெல்லாம் வாய் அவன் தானே, கெஸ்தூராப் பொலிஸ்கந்தோர் எண்டாலும் டொக்டர் எண்டாலும் அவன் தான் கதைக்கிறவன். அவனுக்கு மூண்டு தரம். எல்லாமா ஏழு பேருக்கு ஒன்பது தரம், ஏழு பேரும் மலையிலை. அம்புலன்சுக்கு ஒருக்கால் கூட எடுக்கேல்லை. அப்பாக்கு இத்தாலிப் பாஷை தெரியாமலில்லை, சமையல்கூடத்திலை அவையளின்ரை பாஷையிலையே பகிடி விட்ட மனுசன். ஆனா எங்கடை பழக்கம் அது, ஏதும் எண்டால் முதல் எங்கடை ஆளுக்குச் சொல்லுறது, வடிவாக் கதைக்கத் தெரிஞ்ச ஆள் பிறகு மற்றவைக்குச் சொல்லும். இருபத்தாறு வருஷமா அப்பிடியே செய்த மனுசனுக்கு அந்தப் பயத்திலை வேறை என்ன வரும். உனக்கும் எடுக்கேல்லை, வேலையிலை நிக்கிற பிள்ளையை வெருட்டக் கூடாது எண்டு நினைச்சிருப்பர்.

சமையலறையிலை விழுந்து கிடந்து, கைக்கு எட்டினது அந்த இடிசம்பல் உலக்கை தான், அதாலை நிலத்திலை இடிச்சிருக்கிறார். கீழை கிழவி, ஞாயிற்றுக்கிழமை விடியவே தொடங்கீட்டாளே எண்டு கொதியிலை விளக்குமாத்தை எடுத்து மூண்டு தரம் இடிச்சிருக்கிறா. மேலை இருந்து மெல்லமா மூண்டு இடி திரும்பி வந்ததாம். அவ பிறகும் மூண்டு இடிச்சாவாம், பிறகும் மூண்டு வந்ததாம். அடுத்த முறை ஒண்டும் வரேல்லையாம். அவ எனக்குப் பிறகு சொன்னவா, பதினாலு வருஷத்திலை நான் இடிச்சு நீங்கள் ஒருநாளும் அப்பிடி அடக்கமாத் திருப்பி இடிச்சதில்லை, அதாலை தான் பயந்து ஏறி வந்தனான் எண்டு. எழுபத்தொன்பது வயசு, வாதம் பிடிச்ச கால், ரண்டு சுத்துப் படி. நல்லகாலம் அப்பா பால் வாங்கி வந்து கதவைப் பூட்டாமல் சாத்தினபடி விட்டிருக்கிறார். அவ தான் அம்புலன்சுக்கு எடுத்தவா. அதுகள் பதினைஞ்சு நிமிஷத்திலை வந்திட்டுதுகள், அதுக்கு அஞ்சு நிமிஷம் முதல் அப்பா போயிட்டார். ஒன்பது பத்துக்கே எங்களுக்குச் சொல்லியிருந்தால் பாத்திருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். அந்தச் சொல்லு என்னோடை தான் கட்டையிலை போகும்.

பத்தரைக்கு நான் போனைப் பாத்துத் திருப்பி எடுக்க, அப்பாவின்ரை நம்பரிலை ஒரு பொம்பிளைக் குரல். எப்பிடி இறங்கி வந்தன், ஆரின்ரை காரிலை வந்தன் எண்டு இண்டைக்கும் தெரியாது. கதவுக்கை வர, கிழவி சமையலறை நிலத்திலை காலை நீட்டி இருக்கிறா, அப்பாவின்ரை தலை அவவின்ரை மடியிலை, முகம் துடைச்சு, கண் மூடி, அவவின்ரை சால்வையாலை போத்து இருந்தது. இவரின்ரை மனுசி வரும் வரைக்கும் அசைக்க விடமாட்டன் எண்டு இருந்தவாவாம். கேசி, உனக்கு நான் சொன்ன மடி அவவின்ரை மடி. உனக்குப் போன் எடுத்து அழேக்கை, அப்பா தனியவோ அம்மா எண்டு நீ கத்தினாய், இல்லையடி என்ரை மடியிலை எண்டு வாயிலை வந்திட்டுது. பிறகு மாத்த ஏலேல்லை. றோசமலரிட்டையும் மற்றவையிட்டையும் அப்பிடியே சொல்லுங்கோ எண்டு கேட்டனான், எல்லாரும் ஓம் எண்டினம். அவைக்கும் அது வசதி தானே, அவையின்ரை போனிலையும் அப்பாவின்ரை நம்பர் கிடக்குது. செத்தவீட்டுக்குப் பதினொரு வீடும் வந்து சமைச்சினம், அழுதினம், எட்டுச்செலவு வரைக்கும் என்னைத் தனிய விடேல்லை, அதிலை நான் குறை சொல்லமாட்டன். எங்கடை ஆக்கள் நல்லதுக்கும் கெட்டதுக்கும் வருவினம் பிள்ளை, ஆனா நடந்த பிறகு தான் வர ஏலும், நடக்கேக்கை அவையும் வேலையிலை.

இன்னொண்டும் எழுத வேணும், இல்லாட்டி அரைவாசி பொய். கிழவி சொன்னவா, அப்பா கடைசி வரைக்கும் அவவின்ரை முகத்தைப் பாத்துக் கதைச்சுக்கொண்டே இருந்தவராம், எல்லாம் எங்கடை பாஷையிலை. அவ ஸி ஸி எண்டு தலையாட்டினவாவாம், விளங்கினமாதிரி, அவருக்கு ஆறுதலா இருக்கட்டும் எண்டு. என்ன சொன்னவர் எண்டு எத்தினையோ தரம் கேட்டிட்டன், அவவுக்கு ஒரு சத்தமும் நினைவில்லை, பாவம் அழுறா. உன்ரை பேரைச் சொன்னாரோ, என்னைத் திட்டினாரோ, தண்ணி கேட்டாரோ, இந்த உலகத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. அதாலை தமிழாக்கள் வேண்டாம் எண்டு நான் சொல்ல வரேல்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை.

நான் கேக்கிறது இது தான். வியாழனும் வெள்ளியும் உனக்குக் கையிலை இருக்கு. ரண்டு வீட்டுக்கும் போ. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாத்ததைக் கணக்கிலை எடுக்காதை, ஞாயிறு எல்லாரும் வீட்டிலை, தேத்தண்ணி தருவினம், எந்த ஊர் எண்டு கேப்பினம், மனம் குளிரும். நான் அப்பிடிப் பாத்துத் தான் சீசாவுக்கு வந்தனான். வேலை நாளிலை பகல் பதினொரு மணிக்குப் போய் மேலையும் கீழையும் பக்கத்திலையும் கதவைத் தட்டு. எது திறக்குதோ அது தான் உன்ரை அயல், வெள்ளையோ கறுப்போ, சிரிச்ச முகமோ சிடுமூஞ்சியோ. என்ரை மனசைக் கேட்டால் பொந்துவாசை எடு எண்டு சொல்லும், உனக்கு இந்தப் பிறஷரோடை ஆசுப்பத்திரி பத்து நிமிஷம், ஆனா முடிவு உன்னோடது, ஒருக்கா நான் பிடிச்ச பிடி காணும். எந்த வீடு எண்டாலும் அம்புலன்ஸ் நம்பரை விதுரனுக்கு முதல் நீ அழுத்து, எனக்கு முதல் அழுத்து. நான் மாசி மாதம் வருவன், பிள்ளை பிறந்து முப்பத்தொண்டு கழிய மட்டும் நிப்பன், பிறகு திரும்பி வந்திடுவன். எங்களோடையே இருங்கோ எண்டு இனிக் கேக்காதை. காலமை ஏழு மணிக்குக் கீழை இருந்து விளக்குமாறு மூண்டு தரம் இடிக்கும், நான் உலக்கையாலை மூண்டு இடிப்பன். அவவின்ரை பிள்ளையள் தொரினோவிலை. நான் இடிக்காட்டி அவ ஏறி வருவா, அவ இடிக்காட்டி நான் இறங்கிப் போக வேணும். நான் உன்னோடை வந்து நிக்கிற மாதத்துக்கு லக்ஷனா, றோசமலரின்ரை பேத்தி, அவளுக்கு இடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கிறன்.

என்னிலை கோவம் வந்தால் கோவி, போன் எடுக்காமல் மட்டும் இருக்காதை. அழுதால் இருந்து அழு, வயித்திலை பிள்ளை. முருகனும் அந்த மலை மாதாவும் உன்னையும் விதுரனையும் பிறக்கப்போற குஞ்சையும் கைவிடாமல் பாக்கட்டும், அப்பா எங்கை இருந்தாலும் உங்களுக்குத் துணை நிப்பர். மறந்திடாதை, வியாழக்கிழமை, பதினொரு மணி. கதவு திறந்தால் உன்ரை பேரைச் சொல்லு, அவையின்ரை பேரைக் கேள். கீழ்வீட்டு மனுசிக்குக் கிளறா எண்டு பேர். அம்புலன்ஸ்காரன் கடுதாசி நிரப்பேக்கை அவவிட்டைக் கேட்டவன், அப்ப தான் எனக்கும் தெரியும்.

உன்ரை அம்மா,
ஞானசேகரம் செல்வமலர்