முதலாளி அழுத படம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நலம், என் கால்களைக் கேட்டால் அவை வேறு சொல்லும். நீயும் மருமகளும் குழந்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்றுதான் எப்போதும் என் நினைப்பு. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ புருவத்தைத் தூக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் நான் வாயைத் திறந்தாலே உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது, கடிதத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. உன் அப்பாவுக்கு இடுப்பு வலி அப்படியேதான் இருக்கிறது. சர்வீஸ் முழுக்க பஸ்ஸில் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்ததால் வந்த வலி என்கிறார் டாக்டர். எனக்கு நின்றுகொண்டே இருந்ததால் வந்த வலி. ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருந்தால் இரண்டு பேருமே நன்றாக இருந்திருப்போம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, தானே சரி செய்வதாகச் சொல்லி ஸ்பேனரும் கையுமாகத் திரிகிறார், அதனால் முன்பைவிட அதிகமாகவே ஒழுகுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய ஒரு தலைவரின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள், இரண்டு தடவை பார்த்தேன், இரண்டு தடவையும் அழுதேன் என்று மூச்சுவிடாமல் சொன்னாயே, அந்தப் படத்தை நானும் பார்த்துவிட்டேன். நானாகப் போகவில்லை, எங்கள் துணிக்கடை முதலாளி எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனார். விருதுக்கு மேல் விருது வாங்கிய படமாம், அவருடைய நண்பர்கள் எல்லோரும் பார்த்துவிட்டார்களாம், இவர் மட்டும் பாக்கியாம். கடை ஆரம்பித்த நாளுக்கு வருஷா வருஷம் கொடுக்கிற சாப்பாட்டை நிறுத்திவிட்டு, இந்த வருஷம் மனசுக்கு விருந்து என்று அறிவித்தார். வயிற்றுக்கு ஒன்றும் கிடையாது என்பதை அவ்வளவு அழகாகச் சொல்ல அவரால்தான் முடியும்.

எங்கள் கடையின் சட்டம் உனக்குத் தெரியும். காலையில் ஷட்டர் ஏறியதிலிருந்து அது இறங்குகிறவரை விற்கிற பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் நிற்கும்போது உட்காரக் கூடாது, அது மரியாதை. ஒரு ஈ காக்கை இல்லாதபோதும் உட்காரக் கூடாது, அது கடையின் கௌரவமாம். தூணில் சாய்ந்தால் மேலே காமிரா பார்த்துக்கொண்டிருக்கிறது. அதனால் நாங்கள் ஒரு வழி வைத்திருக்கிறோம். துணியைத் தெரியாத மாதிரி கீழே நழுவ விடுவது, அப்புறம் குந்தி உட்கார்ந்து மூலைக்கு மூலை சேர்த்து நிதானமாக மடிப்பது. துணி மடிப்பதில் எங்களுக்கு இருக்கிற பக்தியைப் பார்த்து முதலாளியே மெச்சியிருக்கிறார். இப்படிப்பட்டவர் செலவில் தியேட்டரில், குஷன் வைத்த நாற்காலியில், வேலை நாளில் உட்கார்ந்தேன். படம் ஆரம்பிப்பதற்கு முன்பே எனக்கு அது பிடித்துவிட்டது.

படத்தில் ஒரு பெரிய கடை வருகிறதே, கறுப்பர்கள் அங்கே எதை வேண்டுமானாலும் வாங்கலாம், சாப்பாட்டு மேசையில் உட்கார மட்டும் கூடாது. அந்தத் தலைவரும் கூட நாலைந்து பேரும் போய்ச் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். தலையில் எதையோ கொட்டுகிறார்கள், சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள், அவர்கள் எழுந்திருக்கவில்லை. அவர்கள் பட்டது வேறு, எங்கள் கால்வலி வேறு, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி இருக்கிறது. ஆனால் உட்காராதே என்று சொல்கிறவனின் முகம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. முதலாளி தேம்பித் தேம்பி அழுதார். திரைச்சீலைப் பிரிவில் நிற்கும் நெட்டை, அதுதான் போன வருஷம் காலில் நரம்பு சுருண்டு ஆபரேஷன் செய்துகொண்டவள், அவளுடைய கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்திவிட்டுத் திருப்பியும் கொடுத்தார். வெளியே வந்ததும் எங்களைச் சுற்றி நிற்க வைத்து, “ஒரு மனுஷன் உக்கார்றதுக்குக்கூட இவ்வளவு போராட வேண்டியிருந்திருக்கு பாருங்க, நெஞ்சு தாங்கல” என்றார். நாங்கள் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டோம்.

மறுநாள் மத்தியானம் கடையில் ஆளே இல்லை. நெட்டை வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். யாரும் பேசி வைத்துக்கொண்டதில்லை. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வந்து எழுந்திருக்கச் சொன்னார். அவள் அவரைக் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே நம்பிக்கையோடு, “நேத்து நீங்கதானே சார் அழுதீங்க” என்றாள். அவருக்கு முகம் கறுத்துவிட்டது. அவங்க உக்காந்தது உரிமைக்காக, நீ உக்காந்தது சோம்பேறித்தனத்துக்காக என்று ஒரு விளக்கம் சொன்னார். அதைக் கேட்டுக்கொண்டே நானும் ஒரு துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்து எந்தத் துணியும் நழுவவில்லை, சும்மாவேதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மாடிப்படி, மூட்டை, முக்காலி என்று கடை முழுக்க உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் தீர்ப்பு வந்தது. நெட்டை இனிமேல் வர வேண்டாம், மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு நிற்கலாம்.

நாங்கள் மன்னிப்பும் கேட்கவில்லை, உள்ளே நிற்கவும் இல்லை. வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறோம், இதையும் அங்கிருந்துதான் எழுதுகிறேன், கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். போலீஸைக் கூப்பிட அவருக்கு ஆசைதான், ஆனால் இந்தப் படியே நடைபாதையை மறித்துக் கட்டியது, வருகிறவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள். உன் அப்பா முதல் நாள் ஊரே கேட்கிற மாதிரி கத்தினார். இப்போது பிளாஸ்கில் டீயும், அவருடைய இடுப்புக்கு வைத்துக்கொள்ளும் தலையணையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தனக்கும் இதற்கும் சம்பந்தமில்லாத மாதிரி எதிர் வரிசையில் நின்று பார்க்கிறார். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இந்த வயதில் வேறு எந்தக் கடையும் என்னைச் சேர்த்துக்கொள்ளாது. நெட்டையை விட்டுவிட்டு உள்ளே போகவும் கால் வரவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தபோது நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா. படம் வேறம்மா, பிழைப்பு வேறம்மா, மன்னிப்புக் கேட்டுவிட்டு உள்ளே போ என்றாய். என் இடத்தில் இப்படி நடந்திருந்தால் அன்றைக்கே எல்லோரையும் வேலையை விட்டு அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னாய். அப்போதுதான் முன்பு நீ பெருமையாகச் சொன்னது என் மண்டையில் ஏறியது. கிடங்குக்கு மேனேஜர் ஆனதும் பொட்டலம் கட்டுகிற மேசையிலிருந்த ஸ்டூல்களை எல்லாம் எடுத்துவிட்டேன், இப்போது வேலை பறக்கிறது என்றாயே. அந்த மேசையில் நிற்பவர்களில் என் வயதுக்காரி யாராவது இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. இருந்தால், அவளும் எதையாவது கீழே நழுவ விட்டுக்கொண்டுதான் இருப்பாள், உற்றுப் பார்.

குழந்தையின் இருமலுக்கு வெந்நீர் கொடு, ராத்திரி ஐஸ்கிரீம் வேண்டாம். மருமகளை வாரத்துக்கு ஒரு நாளாவது சமைக்க விடாதே, நீ சமை. எல்லோரும் நோய் நொடியில்லாமல் நூறு வயது இருங்கள், நான் பெற்ற பிள்ளை இன்னும் மேலே மேலே வர வேண்டும். மறக்காமல் அந்த ஸ்டூல்களைத் தேடி எடுத்துப் போட்டுவிடு. அதற்கு மனசு வராவிட்டால் ஒன்று செய். அந்தப் படத்தை மூன்றாவது தடவையும் பார், ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நின்றுகொண்டே பார்.

இப்படிக்கு,
கடை வாசல் படியில் உட்கார்ந்திருக்கும்
உன் அம்மா